இரண்டாவது ரஞ்சன்

ஞாயிறு, யூன் 9

குளிர். வாயைத் திறந்தால் புகை. சுருட்டு வாங்காமலே பெரிய மனிதர் மாதிரி நடக்கலாம்.

வேலைச் சப்பாத்து கழுவியது. கோழிக் கொழுப்பு லேசில் போகாது. சவர்க்காரம், வெந்நீர், பழைய பல்தேய்க்கிற பிரஷ். நேசனின் சப்பாத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டேன். இனி நே. என்று எழுதுவேன். ஆறாம் வகுப்போடு நின்ற கை, முழுப்பேர் எழுதப் பஞ்சி. அதோடு, பேர் எழுதாமல் விடுவது எப்போதும் நல்லது.

என் லோயர் அபி எழுதச் சொன்னது வேறு கொப்பி. அதில் எந்த ஊர், எந்தக் காலம், யார் பார்த்தது என்று ஒழுங்காக எழுதவேண்டும். ஒழுங்காக எழுதினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இது எனக்கு.

வீட்டில் இரண்டு பேர். சிட்னியில் பென்டில் ஹில். முன்பக்கம் வீட்டுக்காரர், பின்பக்கம் நாங்கள். எனக்கொரு அறை, நே.க்கு ஒரு அறை, குசினி பொது. வேலையும் ஒரே கோழிப் பக்டரி. நான் தொடை வெட்டுகிற பக்கம், அவன் பெட்டி அடுக்குகிற பக்கம். நான் வெட்டியதை அவன் அடுக்குகிறான். வீட்டில் அவன் சமைப்பதை நான் தின்று கழுவுகிறேன். கட்டின பெண்சாதியோடு இவ்வளவு காலம் ஒரு கூரைக்குக் கீழ் இருந்ததில்லை.

மத்தியானம் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. கறி இறக்கியதும் அகப்பையால் சட்டி விளிம்பில் தட்டினான். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. சாப்பிட வா என்று அர்த்தம். எட்டு வருசமாக வாயால் கூப்பிட்டதே இல்லை.

"மாட்டுக்கும் உப்பிடித்தான் தட்டுறவங்கள்" என்றேன்.

"மாடு கதைக்காமல் தின்னும்" என்றான்.

வாங்க: வெங்காயம், சீனி, செத்தல் மிளகாய், முதுகு நோவுக்குத் தைலம்.

செவ்வாய், யூன் 11

லீவு எடுத்துப் பரமட்டா போனேன். அபியின் ஒப்பீஸ். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் விளங்கும், பேசும்போது வழுக்கும். என்னை அங்கிள் என்பாள். நான் அவளை நீதவான் அம்மா என்பேன். சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

இமிகிரேசன் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறதாம். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார். சைக்கிள்கடை இயக்கத்தில் ரஞ்சன் என்று ஒருவன். ஆமியோடு சேர்ந்து, ஊர்ச் சனத்தை வரிசையில் விட்டு, முகத்தில் சாக்கு மாட்டிக்கொண்டு ஜீப்பில் இருந்து தலையாட்டினவன். அவன் தலையாட்டின ஆக்கள் வீடு திரும்பவில்லை. படகால் வந்த புதிதில் எடுத்த பேட்டியில் நானே சொல்லியிருக்கிறேன்: சைக்கிள்கடை இயக்கம், இயக்கப்பேர் ரஞ்சன்.

"வாஸ் இட் யூ, அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. அவன் மூண்டாவது ரஞ்சன். நான் ரண்டாவது."

பேனையைக் கீழே வைத்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள். என் முகத்தின் குறை அது. அழுதாலும் சிரிக்கிற மாதிரிக் கிடக்கும்.

விளங்கப்படுத்தினேன். எங்கள் இயக்கத்தில் ஒருவன் செத்தால் அவன் பேரை அடுத்து வருகிறவனுக்குக் கொடுப்பார்கள். முதல் ரஞ்சன் செத்து நான் ரஞ்சன் ஆனேன். பிறகு பெரிய இயக்கம் என்னைப் பிடித்துக் கிடங்கில் போட்டது. நானும் செத்தேன் என்று நினைத்து என் பேரை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தலையாட்டினவன் அவன். அவன் தலையாட்டின காலம் முழுக்க நான் மண்ணுக்குக் கீழே.

"கிடங்கு எண்டா ஜெயிலா?"

"ஜெயிலுக்கு யன்னல் இருக்கும்."

அபி சொன்னது இதுதான். என்னைக் கிடங்கில் கண்ட ஒரே ஒரு ஆள் வந்து சொன்னால் போதும். கூட இருந்தவர்களைக் கேட்டாள். மூன்று பேர், ஒருவனும் இல்லை. அப்படியானால் காவலுக்கு நின்றவர்கள்? யாரும் உயிரோடு? எங்கே? நான் யன்னலால் கார்ப் பார்க்கைப் பார்த்தேன். தெரியாது என்றேன்.

அடுத்த கிழமை வெள்ளி, பின்னேரம் ஐந்து மணிக்குள் பதில் போகவேண்டும். போகாவிட்டால் கையில் உள்ளதை வைத்து முடிவெடுப்பார்களாம். அவர்கள் கையில் உள்ளது தலையாட்டி ரஞ்சன். இந்த முறை அகதி விசா இல்லை என்றால் பிறகு கேட்க இடமில்லை. பிளேன்தான்.

காவலுக்கு நின்றவன் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வைப்பான் என்று யோசித்துக்கொண்டு ரெயினில் வந்தேன். புட்டு வைத்திருந்தான்.

"லோயர் என்னவாம்?" என் வலப்பக்கம் வந்து நின்று கேட்டான்.

"கோழி விலை ஏறப் போகுதாம்."

புதன், யூன் 12

வேலை. கையுறைக்குள் கையுறை, அப்படியும் விரல் மரத்துவிட்டது. சுப்பர்வைசர் லான், வியட்நாம்காரி, என்னை மிஸ்டர் ஸ்மைல் என்பாள். இன்று மிஸ்டர் ஸ்மைல் ஒரு பெட்டித் தொடையை எலும்போடு அனுப்பிவிட்டார். நே. அடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அபிக்கு எழுத வேண்டியதை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எங்கே தொடங்குவது.

சந்தியில் ஒரு சைக்கிள் கடை. முதலாளி பெரியண்ணை. காற்றடிக்கிற பம்ப், பஞ்சர் பார்க்கிற தண்ணித் தொட்டி, பின்னால் ஒரு கொட்டில். கொட்டிலுக்குள் ஐந்து பேர் இயக்கம் தொடங்கினார்கள். ஒரு வேட்டைத் துவக்கு. மழை பெய்தால் அதுவும் வெடிக்காது.

ஒரு கோடை முடிய முதல் நாற்பது பேர். எப்படி? பெரிய இயக்கம் எல்லாரையும் எடுக்காது. வயது பார்க்கும், உயரம் பார்க்கும், யாரின் மகன் என்று பார்க்கும். பெரியண்ணை ஒன்றும் பார்க்கமாட்டார். "சைக்கிள் ஓடத் தெரியுமோ?" அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. எனக்குப் பதினாறு வயது. ஓம் என்று பொய் சொல்லிச் சேர்ந்தேன். முதல் மாதம் இயக்கம் எனக்குச் சைக்கிள் பழக்கினதுதான். புரட்சியில் எனக்குக் கிடைத்தது அது ஒன்று.

பிறகு ஒரு பச்சை வான் வந்தது. நோட்டீஸ் அடிக்கிற மெசின் வந்தது. நோட்டீஸில் நாங்கள் ஒரு பெரிய படை மாதிரி இருப்போம். வாசித்தால் எனக்கே எங்களில் பயம் வரும்.

சாப்பாடு: நூடில்ஸ். நே. சமைக்கவில்லை, தலையிடி என்றான்.

வியாழன், யூன் 13

மழைத் தூறல். உடுப்புக் காயவில்லை. நே.யின் பெனியன் என்னுடையதோடு கலந்துவிட்டது. அவனுடையதில் ஓட்டை குறைவு, அதைப் போட்டுக்கொண்டேன்.

தியேட்டர்ப் பகுதியை அபிக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பாள், பிறகு நம்பமாட்டாள்.

அரை மைல் தள்ளி, பூட்டிக் கிடந்த தியேட்டருக்குள் இன்னொரு சின்ன இயக்கம். எங்கள் அளவுதான். ஆமி வந்தால் அவர்களும் நாங்களும் ஒரே வேலியால்தான் பாய்வோம். ஆமி போனபிறகு ஒருவரை ஒருவர் கண்டால் நெஞ்சு நிமிரும். சண்டை கொள்கைக்கு என்று இரண்டு பக்கத்து நோட்டீஸும் சொல்லும். நான் கண்ட அளவில் சண்டை சுவருக்கு. சந்தியில் நல்ல சுவர் ஒன்றே ஒன்று, நெல் ஆலைச் சுவர். காலையில் எங்கள் போஸ்டர். மத்தியானம் அதன் மேல் அவர்கள் போஸ்டர். பின்னேரம் அதற்கு மேல் நாங்கள். சுவர் மொத்தித்துக்கொண்டே போனது. ஒருநாள் பசை வாளியோடு போன பெடியனைத் தியேட்டர் ஆட்கள் சுட்டுவிட்டார்கள். அவன்தான் ரஞ்சன், முதல் ரஞ்சன். எங்கள் இயக்கத்தின் முதல் சாவு. ஆமி சுட்டதல்ல.

பெரியண்ணை அவனை ஒருவருக்கும் தெரியாமல் புதைத்தார். தாய்க்கும் சொல்லவில்லை. அந்தக் கிழமைதான் நான் சேர்ந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"இண்டையில இருந்து நீதான் ரஞ்சன். எங்களில ஒருத்தனும் சாகிறேல்லை எண்டு அவங்கள் நினைக்கவேணும்."

பசை வாளியைத் தந்து அதே சுவருக்கு அனுப்பினார். அங்கே நின்ற தியேட்டர் ஆள் யாரடா என்று கேட்டான். ரஞ்சன் என்றேன். முகத்தை முகமூடி மாதிரித் துணியால் கட்டியிருந்தேன். அவன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினான். பதினாறு வயதில் பேய் வேலை பார்ப்பது மாதிரிச் சந்தோசம் வேறில்லை.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கண்ணன் இரண்டு பேர். சேகர் நாலு பேர். சேகர் என்ற பேரைக் கொடுத்தால் பெடியள் அழுவார்கள்.

சனி, யூன் 15

நல்ல வெயில். போர்வை வெளியே போட்டேன்.

நே.க்குக் கொழும்பிலிருந்து கோல். அவன் பெண்சாதி தயாவுக்கும் மகனுக்கும் மெடிக்கலுக்குத் திகதி வந்துவிட்டது. மெடிக்கல் வந்தால் விசா வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். நே.க்குப் போன வருசம் நிரந்தர விசா கிடைத்தது. உடனே அவர்களைக் கூப்பிட மனுப் போட்டான். இன்று கேக் வாங்கி வந்து, அதை வெட்டுகிற கத்தியைத் தேடிக்கொண்டு குசினி முழுக்கச் சிரித்தபடி நடந்தான். அவன் பல் முழுவதையும் நான் கண்டது இன்றுதான்.

இமிகிரேசனுக்கு அவன் சொன்ன கதை: பஸ் கொண்டக்டர், ஒரு இயக்கத்திலும் இல்லை, துவக்கைக் கையால் தொட்டதில்லை. இனி ஒரு நாள் எழும்பி, நான் கிடங்குக் காவலுக்கு நின்றவன் என்று சொன்னால், அவன் விசாவும் போகும், தயாவின் மெடிக்கலும் போகும். அபியைக் கேட்காமலே எனக்குத் தெரியும். இந்தச் சட்டத்தில் நான் பட்டம் எடுத்திருக்கிறேன்.

கிடங்கு. எழுதிவிடுகிறேன். பெரிய இயக்கம் ஒரு காலையில் வந்தது. சைக்கிள் கடையும் தியேட்டரும் காலைச் சாப்பாட்டுக்கு முதல் முடிந்துவிட்டன. பெரியண்ணை காற்றுப் பம்புக்குப் பக்கத்தில் கிடந்தார். முதல் நாள் வரை நாங்களும் தியேட்டரும் சுவருக்கு அடிபட்டுக்கொண்டிருந்தோம். தப்பினவர்கள் ஆமிக் காம்புக்கு ஓடினார்கள். பிறகு ஆமியோடு திரும்பி வந்தார்கள். நான் தப்பவில்லை.

தண்ணி இல்லாத கிணறு மாதிரி ஒரு குழி. மேலே பனங்குற்றி, முட்கம்பி. இரண்டு மாரி அதற்குள். சாப்பாடு வாளியில் கயிற்றில் இறங்கும். இறங்க முதல் வாளியில் தட்டுவான் காவல்காரன். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. ஆள் தெரியாது, வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாக ஒரு தலை. என் வயதுதான் இருக்கும். நான் கீழே இருந்து கேட்பேன், இன்றைக்கும் பருப்போ, கலியாண வீட்டுச் சாப்பாடு எப்ப என்று. மேலே ஏற்றி விசாரித்த நாள் ஒன்றில் அவன் முகத்துக்கு நேரேயும் பகிடி விட்டேன். துவக்குப் பிடியால் இடது காதோடு அடித்தான். அதற்குப் பிறகு அந்தக் காது இல்லை.

எட்டு வருசத்துக்கு முன் இந்த வீட்டுக்கு நே. வந்த அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். குசினியில் சட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம். சவர்க்காரத்தோடு அப்படியே தரையில் இருந்துவிட்டேன். தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு துடைத்து, சாரம் கட்டி, போய்ச் சாப்பிட்டேன். உப்புக் குறைவு என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டாம் நாளிலிருந்து அவன் எப்போதும் என் வலப்பக்கம் வந்துதான் கதைப்பான். இடது காது கேளாது என்று நான் அவனுக்குச் சொன்னதே இல்லை.

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிறு, யூன் 16

கடைக்குப் போனேன். கடைக்காரர் பாலண்ணை ஒரு காலத்துத் தியேட்டர் ஆள். எங்களுக்குள் பகை தீரவில்லை. எனக்கென்று முற்றின வெண்டிக்காய் எடுத்து வைப்பார். நான் அவர் அரிசியில் கல் கண்டதாக வாடிக்கையாளர் முன்னால் சொல்வேன். இரண்டு பேருக்கும் இது நல்ல பொழுதுபோக்கு.

இன்று பகிடி இல்லாமல் கேட்டேன். அண்ணை, உங்கட ஆட்கள் ஆலைச் சுவரடியில் ரஞ்சனைச் சுட்டது ஞாபகமோ? அதை ஒரு கடிதத்தில் எழுதித் தந்தால் போதும். ஒரு ரஞ்சன் செத்தான் என்று தெரிந்தால் இன்னொருவன் இருந்தான் என்று அபி காட்டுவாள்.

அவர் தராசைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவன் எங்க செத்தவன்? அடுத்த நாளே வாளியோட வந்து நிண்டவன். எங்கட பெடியன் கண்டவன். ரஞ்சன் எண்டா ஒருத்தன்தான், சுட்டாலும் சாகாதவன். நீதானே அவன்?"

"அது நான்தான் அண்ணை. ஆனா நான் அவனில்லை."

"பாத்தியோ, நீயே ஒத்துக்கொள்ளுறாய்."

பெரியண்ணை நினைத்தது நடந்துவிட்டது. எங்களில் ஒருவனும் சாகவில்லை. தியேட்டர் இன்றைக்கும் நம்புகிறது. சிட்னிவரை வந்து நம்புகிறது. வெண்டிக்காயை வாங்கிக்கொண்டு வந்தேன். முற்றல்தான்.

பவா கோல். என் பெண்சாதி. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வி, என்ன முடிவு. இந்தக் கிழமை முடிவு வரும் என்றேன். மகள் துளசி ரெலிபோனை வாங்கி, அப்பா உங்கட காது சுகமோ என்றாள். நான் விட்டு வரும்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது குரல் பவாவினதுபோலவே. எந்தக் காது என்று கேட்டேன். சிரித்தாள். சிரிக்கவைத்துவிட்டு வைத்துவிடுவது என் வழக்கம்.

பின்னேரம் நே. சட்டி வைத்துக்கொண்டிருந்தான். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வெண்டிக்காயை வெட்டிக்கொண்டு, தலை நிமிராமல்:

"லோயருக்கு ஒரு சாட்சி வேணுமாம். என்னைக் கிடங்கில கண்ட ஆள்."

அந்தச் சொல்லை இந்த வீட்டில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. அவன் அகப்பையை வைத்தான். அடுப்பை நிறுத்தினான். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான். வெண்டிக்காய் முழுவதையும் வெட்டி முடித்தேன், சமைக்க ஆளில்லை, பிரிட்ஜில் வைத்தேன்.

திங்கள், யூன் 17

நே. பெட்டி அடுக்குகிற பக்கத்திலிருந்து குளிரறைக்கு மாற்றிக் கேட்டுப் போய்விட்டானாம். லான் சொன்னாள். என் தொடைகளை இப்போது ஒரு நேப்பாளப் பெடியன் அடுக்குகிறான். வலப்பக்கம் வெறுமை.

வீட்டில் தட்டுச் சத்தம் இல்லை. பாண், பட்டர், வாழைப்பழம்.

செவ்வாய், யூன் 18

பரமட்டா. அபியின் மேசையில் கொம்பியூட்டர், நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். சைக்கிள்கடை, சுவர், பேர் கொடுக்கிற வழக்கம் எல்லாம் சொன்னேன். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. கிடங்கு வந்தது. தட்டுவதை நிறுத்தினாள்.

அந்தக் காவல்காரனின் பேர் என்ன, எங்கே இருக்கிறான் என்று திரும்பக் கேட்டாள். அங்கிள், திஸ் இஸ் தி ஹோல் கேஸ் என்றாள்.

என்ன செய்வது? பேர் நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் எனக்குக் கதவு திறக்கும். திறக்கிற அதே கதவு தயாவின் மூக்கில் அடிக்கும். மகனின் படம் எங்கள் பிரிட்ஜில் ஒட்டிக் கிடக்கிறது, பள்ளிக்கூட ரை கட்டினபடி. அதைப் பார்த்துத்தான் தினமும் பால் எடுக்கிறேன். அதே நேரம் என் காது. எட்டு வருசம் அவன் கையால் தின்றேன் என்பதற்காக என் காதை மறக்க வேண்டுமோ? துளசிக்குச் சிரிப்புக் காட்டுவதற்கு மட்டும் ஒரு தகப்பனா? ஏசியின் காற்று பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. எழும்பி வேறு கதிரையில் இருந்தேன்.

"அவன் செத்துட்டான் பிள்ளை."

தட்டினாள். டிசீஸ்ட், காலமானவர். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கையெழுத்து வைத்தேன். வெள்ளிவரை அனுப்பாமல் வைத்திருப்பாளாம், வேறேதும் ஞாபகம் வந்தால் ஐந்து மணிக்கு முதல் சொல்லச் சொன்னாள். சாட்சி இல்லாமல் கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் நே. மேசையில். சோறும் மீன் குழம்பும் இருந்தது. தட்டவில்லை. வலப்பக்கக் கதிரையில் இருந்தான்.

"என்ன சொன்னனி?"

"நீ செத்துட்டாய் எண்டு சொன்னன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எப்ப?"

"கடைசிச் சண்டையில."

"எங்க?"

"அதை யோசிக்கேல்லை. உனக்குப் பிடிச்ச இடம் ஏதும் இருந்தாச் சொல்லு."

அவன் சிரித்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினான். குழாய் ஓடிக்கொண்டே கிடந்தது. தண்ணிக் காசு யார் கட்டுவது என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அடக்கின பகிடி அது ஒன்றுதான்.

வியாழன், யூன் 20

வேலை. கத்தி மொட்டை. முதுகு.

நே. பேசினான். சப்பாத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் குந்திக்கொண்டு. அந்தக் காலத்தில் தனக்குப் பதினெட்டு என்றான். கீழே இருந்து நான் விடுகிற பகிடிக்குச் சிரித்ததைப் பொறுப்பாளர் கண்டுவிட்டாராம். துரோகியோடு சிரிக்கிறாயோ என்று கேட்டாராம். மேலே ஏற்றின அன்று அவர் பக்கத்தில் நின்றாராம். அடிக்காவிட்டால் தன்னையும் கீழே இறக்கியிருப்பார் என்றான்.

"எண்டாலும் அவ்வளவு பலமா அடிச்சிருக்கத் தேவையில்லை" என்றான்.

மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லை என்று சொன்னால் அதுவும் பொய். பிரஷை அவனிடம் கொடுத்தேன். என் சப்பாத்தை அவன் தேய்த்தான்.

தயாவின் மெடிக்கல் நாளைக்காம். ஊர் நேரம் காலையில்.

வெள்ளி, யூன் 21

இன்று நே. வேலைக்கு வரவில்லை. லானிடம் வருத்தம் என்று சொல்லியிருக்கிறான்.

சிவ்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஆள் இல்லை. கட்டில் விரித்தபடி. பிரிட்ஜில் மகனின் படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்த அபியின் விசிட்டிங் கார்ட் இல்லை. கோல் எடுத்தேன். ரெலிபோன் அவன் தலையணைக்குக் கீழ் அடித்தது.

பாட்டாச் செருப்போடு ஸ்டேசனுக்கு ஓட்டம். பாலண்ணை கடை வாசலில் நின்று, ரஞ்சன், ஆமி வருதோ என்று கேட்டார்.

பரமட்டாப் பக்கத்துப் பிளாட்போம் வாங்கில் இருந்தான். வெள்ளைச் சட்டை, பக்டரி ஆள் ஒருவரின் கலியாணத்துக்குத் தைத்தது. கையில் கார்ட். இரண்டு மணியிலிருந்து இருக்கிறானாம். ரெயின் வரும், எழும்புவானாம், கதவு திறக்கும், கால் போகாதாம். கதவு மூடும். திரும்ப இருப்பானாம்.

அவன் என் வலப்பக்கம் வருகிற மாதிரி இருக்கத்தான் பார்த்தேன். அவன் இருந்தது வாங்கின் ஓரம், என் இடப்பக்கம் மாட்டிக்கொண்டான். அவன் சொன்ன பாதி எனக்குக் கேட்கவில்லை. வெளிக்கிட முதல் தயா கோல் எடுத்தாளாம், மெடிக்கல் முடிந்துவிட்டதாம், மகன் ஊசிக்கு அழவில்லையாம், அது கேட்டது. போய்ச் சொல்லிப்போட்டு வாறன், நீயாவது வெளியில வா என்றது கேட்டது.

ரெயின் வந்தது. அவன் எழும்பினான். நான் சட்டைக் கையைப் பிடித்தேன். கதவு திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள். மூடியது. இருந்தான். நான் கையை எடுக்கவில்லை.

அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

விட்டிருந்தால் ஏறியிருப்பானா? தெரியாது. விட்டுப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஏறினால் தயாவும் பெடியனும் போச்சு. ஏறாவிட்டால் அவன் ஏறமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிடும், பிறகு எட்டு வருசச் சோறு தொண்டையில் நிற்கும். இரண்டில் எது வந்தாலும் எனக்குத் தாங்காது. அதனால் பிடித்துக்கொண்டே இருந்தேன். வெள்ளைச் சட்டைக் கை கசங்கிவிட்டது.

வெயில் தண்டவாளத்தை விட்டுப் போனது. குளிர். செருப்புக்குள் விரல் மரத்தது. ஐந்து மணிக்கு என் ரெலிபோன் அதிர்ந்தது. அபியின் மெசேஜ். "சென்ட், அங்கிள்." பதில் போய்விட்டது.

அவனுக்குக் காட்டினேன். கார்டைச் சட்டைப் பையில் போட்டான்.

"அப்ப நான் செத்துட்டன்."

"ஓம்."

இன்னொரு ரெயின் நின்று போனது. இரண்டு பேரும் எழும்பவில்லை. பிறகுதான் கையை எடுத்தேன். அவன் எழும்பி, சுற்றி வந்து, என் வலப்பக்கம் நின்றான்.

"வெண்டிக்காய் கிடக்கு. முத்தல். குழம்பு வைக்கட்டோ?"